அதிரசப் பாகும் நினைவுள்ள கம்பியும்

தீபாவளிக்கு முந்தின வாரம். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் அடுப்படியில் வெல்லப் பாகு கொதிக்கிறது. மகளின் பல் கிளிப்பிலிருந்து கழற்றிய பழைய கம்பியை ஐஸ் தண்ணீரில் போட்டுக் கோணல்மாணலாக வளைத்தேன். வெந்நீர் டம்ளருக்குள் விட்டதும் படக்கென்று மறுபடி லாட வடிவம்!

அது நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய அணுவுக்கு அணு சரிபாதி. பெயரின் கடைசி எழுத்துகள், 1960 வாக்கில் இதன் குணத்தைக் கண்டுகொண்ட அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்துடையவை. குளிரில் அணுக்கள் ஒருவிதமாக அடுக்கியிருக்கும், சூட்டில் வேறுவிதம். வளைக்கும்போது அவை பக்கத்து அணுவை விட்டுப் பிரிவதில்லை, சாய்கின்றன. அதனால்தான் திரும்ப வழி தெரிகிறது.

கம்பியாக இழுத்துவிடலாம். உள்ளே நுண்துளைகள் கொண்ட மிளகளவு பாகம் என்றால் கடைசல் உளி தேய்ந்துபோகும். பொடியிலிருந்து அடுக்கடுக்காக முப்பரிமாணத்தில் அச்சிடுவதே நல்ல வழி.

தாம்பாளத்தில் மாவைப் பரப்பி தோசைத் திருப்பியால் வழித்துச் சமன் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். உலோகப் பொடியும் அப்படித்தான். ஆனால் மைதாபோல் அப்பக்கூடாது, ரவைபோல் ஓடவேண்டும். அதன்மேல் லேசர் கோலம் போடும். கோடு பட்ட இடம் மட்டும் உருகி உறையும். மறுபடி பொடி, மறுபடி கோலம்: ஒரு மில்லிமீட்டர் உயர்வதற்கே ஏறக்குறைய முப்பது அடுக்குகள் ஆகும். பெட்டிக்குள் காற்று கிடையாது, ஆர்கான் வாயுதான். காற்றுபட்டால் பழுப்பு நிலக்கரிக் குவியல் தானே புகையும் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உருகிய டைட்டானியமும் ஆக்சிஜனைக் கண்டால் விடாது.

வடிவம் வந்துவிடும். பதம்தான் வராது. பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாவதுபோல், லேசர் சூட்டில் நிக்கல் முந்திக்கொண்டு ஆவியாகிறது. நிக்கல் கூடுதலான கலவையில் அதன் பங்கு 0.1 சதவீதம் குறைந்தாலே உருமாறும் வெப்பநிலை சுமார் 10 டிகிரி ஏறிவிடும். வாய்ச்சூட்டில் விழிக்கவேண்டிய பாகம் வெந்நீருக்குக் காத்திருக்கும். அதனால் பொடியிலேயே நிக்கலைக் கொஞ்சம் தூக்கலாக வைப்பார்கள். லேசரின் வேகத்தையும் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். இந்தூர் ஐ.ஐ.டி.யும் அங்குள்ள ராஜா ராமண்ணா மையமும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, லேசரால் அடுக்கும்போது இந்தக் கலவை விகிதம் என்ன செய்கிறது என்பதைத்தான் துருவியது.

தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு உருட்டிப் பார்ப்போமே, அவர்களும் ஒரு துணுக்கை நறுக்கி, சூடேற்றி ஆறவிட்டு, எந்த டிகிரியில் மனம் மாறுகிறது என்று பார்க்கிறார்கள். இங்கே என் பாகு இதற்குள் முறுகிவிட்டது.