லில்லி பாரின் இடது கால்

பெண்கள் ஆடுற கால்பந்தைப் பார்க்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே கூட்டம் கூடியிருக்குமா? கூடுச்சுங்க! 1920, கிறிஸ்துமஸ் சமயம். இங்கிலாந்துல, லிவர்பூல் நகரத்து மைதானத்துல 50 ஆயிரத்துக்கும் மேல ஜனங்க. இடமில்லாம வாசலோட திரும்பினவங்களே ஆயிரக்கணக்குல! ஜெயிச்சது டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி. வசூலான பணம், முதல் உலகப் போர்ல இருந்து திரும்பின வீரர்களோட உதவிக்கு.

ஆனா அடுத்த வருஷமே, இது பெண்களுக்கு ஏத்த ஆட்டமில்லைன்னு சொல்லி, அங்கத்திய கால்பந்துச் சங்கம் தன்கிட்ட சேர்ந்திருந்த கிளப்களோட மைதானக் கதவுகளைச் சாத்திருச்சு. ஏறக்குறைய 50 வருஷம் திறக்கவே இல்லை. எவ்வளவு பெரிய அநியாயம்!

அதுக்காக அந்தப் பெண்கள் பந்தைக் கீழே வைக்கலை. இடது காலால இடி மாதிரி அடிக்கிற டிக் கெர் அணி வீராங்கனை லில்லி பார், ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பார்த்துக்கிட்டே, கிடைச்ச மைதானத்துல எல்லாம் ஆடினாங்க. 1951 வரைக்கும்!