குளிரில் இறுகும் ஆக்சிலரேட்டர்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவில், மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குவது இயல்பு. அவ்வேளையில் சில ஸ்கூட்டர்களில், திருகிய ஆக்சிலரேட்டர் கையை எடுத்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கியரில்லா ஸ்கூட்டரில் இஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கக் கிளட்ச் பிடியும் இல்லை. ஆதலால் இக்கோளாறு ஆபத்தானது.

காரணம் பெரும்பாலும் கேபிளில்தான் இருக்கும். உறைக்குள் படிந்த தூசியும் பழைய கிரீஸும் குளிரில் கெட்டிப்படுகின்றன. துருவும் சேர்ந்தால், கம்பியைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங்கின் விசை போதாது.

புறப்படுமுன், இஞ்சினை இயக்காமல் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பி வைத்தும் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் அது தானே திரும்ப வேண்டும். இல்லையேல் வண்டியை எடுக்காமல், மெக்கானிக்கிடம் காட்டிக் கேபிளைச் சுத்தம் செய்து, கையேட்டில் கூறியுள்ளவாறு எண்ணெய் இடச் செய்யுங்கள். இழை பிரிந்த கேபிளை மாற்றுவதே முறை.

ஓட்டத்தில் சிக்கிக்கொண்டால், பதறாமல் இஞ்சினை அணைத்து, இரு பிரேக்குகளையும் சீராக அழுத்தி ஓரமாக நிறுத்துங்கள். சாவியைப் பூட்டும் நிலை வரை திருப்பலாகாது, ஹேண்டில்பார் பூட்டிக்கொள்ளக்கூடும்.