கூந்தன்குளம்

கூந்தன்குளம் என்பது திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு அருகில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். வேளாண்மையே இவ்வூர் மக்களின் முதன்மைத் தொழில். ஊரின் பெயரைத் தாங்கிய குளமும் அதை ஒட்டிய காடன்குளமும் சேர்ந்த 1.29 சதுர கிலோமீட்டர் பரப்பு 1994-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் இது ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிப்பு வந்தது.

நீரும் வேளாண்மையும்

நாங்குநேரி வட்டம் மழை குறைந்த பகுதி. ஆகவே வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாற்றுக் கால்வாய் நீரும்தான் குளத்தை நிரப்ப வேண்டும். குளம் பெருகினால் வயலில் நெல் விளையும், பறவைகளும் வரும். மழை பொய்த்த ஆண்டில் இரண்டும் இல்லை. இவ்வூரில் உழவரின் கவலையும் பறவையின் கவலையும் ஒன்றே என்று சொல்லலாம்.

பறவைகள்

மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன் முதலியவை இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பூநாரை, வரித்தலை வாத்து போன்றவை வலசை வந்து தங்கிச் செல்பவை. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மட்டுமின்றி, ஊருக்குள் வீட்டுக் கொல்லையில் உள்ள வேம்பிலும் புளியிலும் கூடுகளைக் காணலாம். மற்ற சரணாலயங்களில் கரையில் நின்று தொலைவில் உள்ள கூட்டைப் பார்ப்போம். இங்கே தெருவில் நின்று தலையை நிமிர்த்தினால் போதும்.

இது கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், உடன் வாழ்வது எளிதன்று. கூடு கட்டும் மாதங்களில் இரவும் பகலும் இரைச்சல் ஓயாது. குஞ்சுகள் தவறவிடும் மீனும் எச்சமும் முற்றத்தில் விழுந்து நாறும். ஆயினும் மக்கள் கூட்டைக் கலைப்பதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் தவிர்த்து வருகின்றனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடும் வழக்கமும் உண்டு.

நம்பிக்கைக்கு உழவு சார்ந்த காரணமும் இருக்கிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அது குளத்து நீரில் கரைந்து மடை வழியே வயலுக்குப் பாய்கிறது. கோடையில் நீர் வற்றியபின் எச்சம் கலந்த வண்டல் மண்ணை அள்ளி வயலுக்கு இடுவார்கள். பறவைக்குக் கொடுத்த இடத்துக்கு வாடகை உரமாகத் திரும்பி வருகிறது.

டிசம்பர் முதல் ஜூன் வரை பறவைகளைக் காண ஏற்ற காலம். போகுமுன் குளத்தில் நீர் இருக்கிறதா என விசாரித்துக்கொள்வது நல்லது.