பத்து மேட்ச் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

2014 ஆகஸ்ட் 23. ஜெர்மனியின் பன்டஸ்லீகாவில் போருசியா டார்ட்மண்டுக்கு அந்த சீசனின் முதல் போட்டி. சொந்த மைதானம், எண்பதாயிரம் பேர் கூட்டம். நடுவர் விசில் ஊதிய ஒன்பதாவது நொடியில் எதிரணியான லெவர்குசனின் கரீம் பெல்லராபி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். பன்டஸ்லீகா அதுவரை கண்ட கோல்களிலேயே மிக வேகமானது அதுதான். அந்தப் போட்டி 0-2 என்று முடிந்தது.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் டார்ட்மண்ட் ஜெயித்தது. அதன் பிறகுதான் சரிவு. மைன்ஸிடம் தோல்வி, ஸ்டுட்கார்ட்டுடன் டிரா, பரம எதிரியான ஷால்கேயிடம் தோல்வி, பிறகு ஹாம்பர்க், கொலோன், ஹானோவர், பேயர்ன் என்று வரிசையாகத் தோல்விகள். பத்து ஆட்டம் முடிந்தபோது கையில் இருந்தவை ஏழே புள்ளிகள். 18 அணிகளில் 17-வது இடம். 2011, 2012 என இரண்டு முறை அடுத்தடுத்து சாம்பியன், அதற்கடுத்த இரண்டு ஆண்டும் இரண்டாம் இடம், 2013-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. இப்படிப்பட்ட அணிக்கு இந்தக் கதி.

டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். 'மஞ்சள் சுவர்' என்று பெயர். அங்கேயும், ஊரின் பார்களிலும், ஜெர்மன் பத்திரிகைகளிலும் அந்த இலையுதிர் காலம் முழுக்க ஒரே விவாதம்தான். லெவண்டோவ்ஸ்கி போனதுதான் காரணம் என்றார்கள் சிலர். முந்தைய சீசனில் 20 கோல் அடித்து லீக்கில் முதலிடம் பிடித்த ஸ்ட்ரைக்கர், ஒப்பந்தம் முடிந்து, ஒரு காசுகூட டார்ட்மண்டுக்கு வராமல், பேயர்னுக்குப் போய்விட்டார். இல்லை, பயிற்சியாளர் யூர்கன் க்ளாப்பின் பிரஸ்ஸிங் உத்தியை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். பந்தை இழந்த அடுத்த சில நொடிகளுக்குள் கூட்டமாகப் பாய்ந்து திரும்பப் பிடுங்குவது அவருடைய உத்தி. எதிரணிகள் பின்வரிசையில் பாஸ் ஆடுவதையே விட்டுவிட்டுப் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி அடித்தால் யார் மேல் பாய்வது? உலகக் கோப்பை வென்று திரும்பிய ஜெர்மனி வீரர்களுக்குக் களைப்பு தீரவில்லை என்று ஒரு தரப்பு. ஏழு சீசன் ஒரே பயிற்சியாளரின் பேச்சைக் கேட்டால் யாருக்கும் சலித்துப்போகும் என்று இன்னொரு தரப்பு.

இதில் எதுவுமே முட்டாள்தனமான பேச்சு இல்லை. ஆண்டுக்கணக்காக ஒரு அணியைப் பார்த்து வருகிறவரின் கண் பல விஷயங்களைச் சரியாகவே பிடிக்கும். ஆனால் ஒரு சின்ன இடறல் இருந்தது. அதே வாரங்களில், அதே க்ளாப்பும் அதே உத்தியும் அதே களைத்த கால்களும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆர்செனலை 2-0, ஆண்டர்லெக்டை 3-0, கலாட்டசராயை 4-0, 4-1 என்று வீழ்த்தித் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தன. சனிக்கிழமை எல்லோருக்கும் புரிந்துபோன உத்தி செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

கால்பந்தை மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரிப்பது கோலின் அருமை. ஒரு இருபது ஓவர் இன்னிங்ஸில் 120 பந்துகளில் 150 ரன் வருகிறது. பேட்டிங் அணியின் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் அத்தனை பந்துகளில் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கால்பந்தில் அப்படி இல்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கோல் மழை என்று கொண்டாடப்பட்ட 2023-24 சீசனிலேயே 380 ஆட்டங்களில் 1,246 கோல்கள்தான் விழுந்தன. ஆட்டத்துக்கு மூன்றேகால், அதுவும் இரண்டு அணிக்கும் சேர்த்து. தொண்ணூறு நிமிட உழைப்பை எடைபோட மூன்று எடைக்கற்கள்தான் இருக்கின்றன.

இதைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு அணி சராசரியாக இரண்டு கோல் அடிக்கும் அளவுக்கு ஆடுகிறது, எதிரணி ஒரு கோல் அளவுக்கு ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெளிவான ஆதிக்கம். கோல்கள் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்ற நிலையில், பாய்சான் பரவல் என்ற புள்ளியியல் முறைப்படி, மேலான அணி ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 61. டிரா 21. மீதி 18 முறை, நன்றாக ஆடிய அணியே தோற்றுப்போகும். அதுமட்டுமல்ல, அந்த அணி ஏழு ஆட்டத்தில் ஒன்றில் ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறும்.

ஐந்து ஆட்டங்களுக்கு நீட்டிப் பார்த்தால் என்ன? வெற்றி வாய்ப்பு 50 சதவீதமும் டிரா வாய்ப்பு 25 சதவீதமும் உள்ள பலமான அணி ஐந்து ஆட்டத்தில் சராசரியாக ஒன்பது புள்ளி எடுக்கும். நடுத்தர அணி ஏழு எடுக்கும். வித்தியாசம் இரண்டு புள்ளி. ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே புள்ளிகள் மூன்று மேலேயோ மூன்று கீழேயோ போவது சர்வசாதாரணம். திறமை காட்டும் வித்தியாசத்தைவிட அதிர்ஷ்டத்தின் ஆட்டம் பெரியது. 38 ஆட்டம் முடியும்போது நிலைமை தலைகீழ். திறமையின் வித்தியாசம் 14 புள்ளியாக வளர்ந்திருக்கும், அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டமோ எட்டுப் புள்ளியில் நிற்கும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் புள்ளிப் பட்டியலைப் பார்த்து நாம் போடும் சண்டையில் பெரும்பகுதி அந்த ஊசலாட்டத்தைப் பற்றியது.

2008-ல் ஹல் சிட்டி முதல் முறையாக இங்கிலாந்தின் உச்ச லீக்குக்கு வந்தது. ஒன்பது ஆட்டத்தில் ஆறு வெற்றி, 20 புள்ளி. ஆர்செனலை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தார்கள். அன்றைக்கு முதலிடத்தில் இருந்த அணிக்குச் சமமான புள்ளிகள். அந்த ஊர் ரசிகர்கள் கண்ட கனவை யார் குறை சொல்ல முடியும்? மிச்சம் 29 ஆட்டங்களில் அந்த அணி ஜெயித்தது இரண்டே இரண்டு. கடைசியில் 35 புள்ளியோடு, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், லீக்கிலிருந்து இறங்காமல் தப்பியது. இதற்கு மறுபக்கம் ஆர்செனல். 2021-ல் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, பட்டியலில் கடைசி இடம். அந்த மூன்றில் இரண்டு செல்சியோடும் மான்செஸ்டர் சிட்டியோடும் ஆடியவை என்பதைக் கோபத்தில் பலரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த சீசனை ஆர்செனல் 69 புள்ளியோடு ஐந்தாம் இடத்தில் முடித்தது.

சென்னை ரசிகர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 2015 ஐ.எஸ்.எல். தொடரில் சென்னையின் எஃப்சி பத்து ஆட்டம் முடிந்தபோது கடைசி இடத்தில் கிடந்தது. மீதி நான்கையும் ஜெயித்து, அரையிறுதி தாண்டி, கோவாவை 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. லீக் சுற்றே 14 ஆட்டம்தான் என்னும்போது முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. நான்கு வெற்றி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும்.

அப்படியானால் சீசன் தொடக்கத்தில் எதைப் பார்ப்பது? கோலை விட்டுவிட்டு, கோலுக்கு முந்தைய படியைப் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் சார்லஸ் ரீப். பிரிட்டிஷ் விமானப் படையில் கணக்குப் பிரிவு அதிகாரி. 1950 மார்ச்சில் ஸ்விண்டன் அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பென்சிலை எடுத்துத் தாக்குதல்களைக் குறிக்க ஆரம்பித்தார்; பிறகு பல பத்தாண்டுகள் நிறுத்தவில்லை. 1968-ல் பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் என்ற விகிதம் சீசனுக்கு சீசன் பெரிதாக மாறவில்லை என்று காட்டினார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, பந்தை நீளமாக அடித்து முன்னே அனுப்பினால் போதும் என்பது. அது தவறான முடிவு, இங்கிலாந்து கால்பந்துக்கு நீண்ட காலம் கெடுதல் செய்த முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எண்ணும் வேலையை அவர் தொடங்கி வைத்தார்.

எல்லா ஷாட்டும் ஒன்றல்ல என்பதுதான் அடுத்த படி. பெனால்டி நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் கோலாகிறது. பெனால்டி பெட்டிக்கு வெளியே வெகு தூரத்திலிருந்து அடிப்பது நூற்றில் மூன்றோ நான்கோதான். தூரம், கோணம், காலால் அடித்ததா தலையாலா, எப்படிப்பட்ட பாஸ் வந்தது என்று லட்சக்கணக்கான பழைய ஷாட்டுகளோடு ஒப்பிட்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்பு போட்டு, அணிவாரியாகக் கூட்டினால் வருவதுதான் இப்போது டிவியில் ஓரமாகக் காட்டப்படும் 'எக்ஸ்ஜி'. இத்தனை வாய்ப்புகளுக்கு வழக்கமாக எத்தனை கோல் விழும் என்பதைச் சொல்லும் எண். ஒரு ஆட்டத்தில் கோல்கள் மூன்று என்றால் ஷாட்டுகள் இருபத்தைந்து இருக்கும். எடைக்கற்கள் கூடுகின்றன, அளவு நம்பகமாகிறது.

டார்ட்மண்டின் 2014 செப்டம்பர் 20 ஆட்டத்துக்கு வருவோம். எதிரணி மைன்ஸ், க்ளாப் ஆடியும் பயிற்சி கொடுத்தும் வளர்ந்த பழைய கிளப். பந்து பெரும்பாலும் டார்ட்மண்டின் காலில். மைன்ஸின் ஒகாசாகி ஒரு கோல் அடித்தார். சமன் செய்ய டார்ட்மண்டுக்கு பெனால்டி கிடைத்தது. சிரோ இம்மோபிலே அடித்ததை கோல்கீப்பர் லோரிஸ் காரியஸ் தடுத்துவிட்டார். சிறிது நேரத்தில் டார்ட்மண்டின் மத்தியாஸ் ஜின்டர் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளினார். 0-2.

ஓராண்டுக்குப் பிறகு, 2015 நவம்பரில், க்ளாப் லிவர்பூலில் புதிதாக வேலையில் சேர்ந்திருந்தார். கிளப்பின் ஆய்வுப் பிரிவுத் தலைவர் இயன் கிரஹாம், கேம்பிரிட்ஜில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், கையில் தாள்களோடு அவர் அறைக்குப் போனார். அந்த மைன்ஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் க்ளாப் துள்ளிவிட்டார். அந்த ஆட்டத்தை இவரும் பார்த்திருக்கிறார் என்று நினைத்தார். அடுத்து ஹானோவரிடம் தோற்ற கதை. அதிலும் அதேபோல் டார்ட்மண்டின் ஆதிக்கம், அதேபோல் தோல்வி. கிரஹாம் இரண்டு ஆட்டத்தையும் பார்த்திருக்கவே இல்லை. எண்கள் மட்டும்தான் அவரிடம் இருந்தன. அந்த சீசனில் டார்ட்மண்ட் முடித்த இடம் ஏழு, ஆடிய ஆட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய இடம் இரண்டு என்றது அவர் மாடல். அந்தச் சரிவுக்குப் பழி க்ளாப்பின் மேல் விழக்கூடாது என்பது அவர் முடிவு. லிவர்பூல் க்ளாப்பைத் தேர்ந்தெடுத்ததில் அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இம்மோபிலேயைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். லெவண்டோவ்ஸ்கியின் இடத்துக்கு வந்த அவர் அந்த லீக் சீசனில் அடித்தது மூன்று கோல். உதவாக்கரை என்று முத்திரை குத்தினார்கள். அவர் அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலி லீக்கின் அதிக கோல் வீரர். பிற்பாடு இன்னும் மூன்று முறை அதே பட்டத்தை வாங்கினார், அதில் 2019-20-ல் 36 கோல் அடித்து இத்தாலியின் சாதனையைச் சமன் செய்தார். ஒரு ஆட்டக்காரரை ஒரு சீசனை வைத்து எடைபோடுவது எவ்வளவு கொடுமை!

ஆனால் எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி உள்ள அணி பத்து ஆட்டத்தில் இரண்டோ அதற்கும் குறைவோ மட்டும் ஜெயிக்கும் சாத்தியம் நூற்றுக்கு ஐந்தரை. நடக்கக்கூடியது, ஆனால் வழக்கமானது அல்ல. டார்ட்மண்ட் கொஞ்சம் நிஜமாகவே பலவீனமாகியிருந்தது. எக்ஸ்ஜி எண்ணிலும் ஒரு குறை உண்டு: முன்னிலை பெற்ற அணி பின்வாங்கி அரண் கட்டும், பின்தங்கிய அணி ஷாட்டாக அடித்துத் தள்ளும். ஒன்பதாவது நொடியிலேயே கோல் வாங்கினால் மீதி ஆட்டம் முழுக்க ஆதிக்கம் செலுத்தியதுபோலத்தான் எண்கள் காட்டும். அந்த எண்ணைப் பார்க்கும்போது கோல் எந்த நிமிடத்தில் விழுந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மெஸ்ஸி போன்றவர்கள் ஆண்டுதோறும் அந்தக் கணக்கை மீறி கோல் அடிப்பார்கள் என்பதும் உண்மை.

பயிற்சியாளரை விரட்டும் கோஷத்துக்கு மட்டும் அறிவியல் ஆதரவு மிகக் குறைவு. நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக்கை ஆராய்ந்தார். சரிவுக்குப் பின் பயிற்சியாளரை நீக்கிய அணிகள் மீண்டன. அதே அளவு சரிந்தும் நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதேபோல் மீண்டன. பிரான்சிஸ் கால்டன் 1886-லேயே பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை அளந்து சொன்னதுதான் இது: மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கி இறங்குவார்கள், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் ஏறுவார்கள். அடிமட்டத்தில் கிடக்கும் அணி மேலே வர நிறைய இடம் இருக்கிறது. யாரை வேலைக்கு வைத்தாலும் கொஞ்சம் மேலேறும், பெயர் புதிதாக வந்தவருக்குப் போகும்.

2017-ல் கிரிஸ்டல் பேலஸ் நான்கே லீக் ஆட்டத்தில் ஃபிராங்க் டி போயரை நீக்கியது. அவருடைய கடைசி ஆட்டத்தில் பர்ன்லிக்கு எதிராக இருபதுக்கும் மேற்பட்ட ஷாட்டுகள் அடித்தும், மூன்றாவது நிமிடத்தில் தவறாகப் போன ஒரே ஒரு பேக் பாஸால் 0-1 தோல்வி. அடுத்து வந்த ராய் ஹாட்ஜ்சனும் தன் முதல் மூன்று லீக் ஆட்டங்களில், ஒரு கோல்கூட அடிக்காமல், தோற்றார். அவருக்குப் பொறுமை காட்டினார்கள். அணி 11-வது இடத்தில் முடித்தது. டி போயருக்கும் அந்தப் பொறுமை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பரிசோதனைக்கூடம் போல ஒரே சீசனை இரண்டு முறை ஓட்ட முடியாதே.

டார்ட்மண்ட் க்ளாப்பை நீக்கவில்லை. 2015 பிப்ரவரி 4-ல் ஆக்ஸ்பர்க்கிடம் 0-1 தோற்றபோது அணி கடைசி இடத்தில் கிடந்தது. அன்று இரவு கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் டிஃபெண்டர் ஹம்மல்ஸும் மஞ்சள் சுவரின் வேலிக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த ரசிகர்களோடு முகத்துக்கு முகம் பேசினார்கள். மீதி 15 ஆட்டங்களில் அணி எடுத்தது 30 புள்ளி. மொத்தம் 46, ஏழாம் இடம். ஏப்ரலில் க்ளாப் தானாகவே விடைபெறுவதாக அறிவித்திருந்தார். அடுத்த சீசன், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களோடு, தாமஸ் டூகலின் கீழ் டார்ட்மண்ட் 78 புள்ளி எடுத்து இரண்டாம் இடத்தில் முடித்தது. அதுவரை பன்டஸ்லீகாவில் இரண்டாம் இடம் பிடித்த எந்த அணியும் அவ்வளவு புள்ளி எடுத்ததில்லை. கூடிய அந்த 32 புள்ளியில் டூகலின் உத்திக்கு எவ்வளவு, சுபாவப்படி திரும்பி வந்த கோல்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில் டார்ட்மண்ட் ரசிகர்கள் இருவர் ஒத்துப்போவது கடினம்.