வெயிலும் வீடும்



குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வது ஏழைக் குடும்பங்களின் பெருங்கவலை. பிரிட்டனில் வருவாய் குறைந்த குடும்பங்களுக்குக் குளிர்காலத்து மின்கட்டணத்தில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கும் திட்டம் 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நமது மதுரையிலோ கவலை நேர்மாறானது. கத்தரி வெயில் நாட்களில் இங்கே நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது எப்படி, அதுவும் நடமாட இயலாத ஒருவர் வாழும் எளிய வீட்டில் சிறு செலவில் அதைச் செய்வது எப்படி என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

வெயில் எல்லோருக்கும் பொதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பொதுதான், ஆனால் அதிலிருந்து தப்பும் வழி பொதுவன்று. நமக்கு அறை புழுங்கினால் திண்ணைக்கு வருகிறோம், வேப்பமரத்தடியைத் தேடுகிறோம், இரவில் மொட்டைமாடியில் பாய் விரிக்கிறோம். படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்பவருக்கு அந்த ஓர் அறையே உலகம். அறையின் வெப்பம் எதுவோ அதுவே அவருடைய வெப்பம்.

இதற்கும் மேலாக ஓர் உடற்கூற்றுக் காரணம் உண்டு. நம் உடலைக் குளிர்விப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பத்தின் பெரும்பகுதியை அது நம் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வியர்க்குமாறு தோலுக்கு ஆணையிடும் நரம்புகள் தண்டுவடத்தின் வழியே செல்கின்றன. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முற்றாகச் சிதைந்தால், கைகால்களின் இயக்கத்தோடு உடலின் பெரும்பகுதியில் வியர்வையும் நின்றுவிடுகிறது. வேறு சிலருக்கு அவர்கள் உண்ணும் மருந்துகளே வியர்வையைக் குறைக்கின்றன. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்குத் தாகம் எடுத்தாலும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாதிருக்கலாம். கழிப்பறைக்குச் செல்லப் பிறர் துணை வேண்டுமே என்று அஞ்சித் தண்ணீரையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆதலால், நமக்கு வெறும் புழுக்கமாகத் தோன்றுவது அவர்களுக்கு உயிராபத்தாக முடியலாம்.

இத்தகையோர் வாழ்வு வீட்டுக்குள் முடங்கிப்போக வேண்டியதன்று. பொறியியல் மாணவராக இருந்த எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் 1975-இல் கடற்படைத் தேர்வின்போது தண்டுவடம் முறிந்து கைகால் இயக்கத்தை இழந்தார். அவரே 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பெற்றது. கைகால் இயங்காதவரும் பெருஞ்செயல் ஆற்றலாம் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அதற்கு முதலில் உடல் காக்கப்பட வேண்டும். உடலைக் காக்க அறை தகுந்ததாக இருக்க வேண்டும்.

இனி அறைக்கு வருவோம். வெப்பம் பரவும் வழிகள் மூன்று என்று படித்திருக்கிறீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. கான்கிரீட் தளத்தில் இம்மூன்றையும் காணலாம். நண்பகல் வெயிலில் மேற்றளத்தின் வெப்பம் 60 டிகிரியை நெருங்கும். அது கடத்தலால் மெல்லக் கீழிறங்குகிறது. பின்பு அடித்தளத்திலிருந்து கதிர்வீச்சாகப் படுக்கையின்மேல் பொழிகிறது. அருகிலுள்ள காற்றும் சூடேறுகிறது. கதிரவன் மறைந்த பின்னும் முன்னிரவில் அறை தகிப்பது இதனால்தான். நம் முன்னோர் செங்கற்களை நெருக்கி அடுக்கி, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, தட்டோடு பதித்தார்கள். அந்தத் தடித்த தளம் வெப்பத்தைத் தாமதப்படுத்தியது. இன்றைய மெல்லிய தளத்துக்கு அந்தக் கவசம் பல வீடுகளில் இல்லை.

ஆகவே முதற்செலவு கூரைக்கு ஆகட்டும். மேற்றளத்தைப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்பைப் பசையுடன் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு மூன்று பூச்சுப் பூசினால் போதும். வெண்மை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அறையின் வெப்பமும் சில டிகிரி தணியும். சிறிய வீட்டுக்குச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது. 2010-இல் கடும் வெப்ப அலைக்கு ஆளான அகமதாபாத் நகரம், 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும் பின்னர் அதில் சேர்ந்தது. மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்கையைப் போடாமலிருப்பதற்குக் காசே தேவையில்லை. அச்சுவருக்கு வெளியே ஒரு கீற்றுப் பந்தல் இட்டால் இன்னும் நன்று.

இரண்டாவது செலவு மின்விசிறி. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். நாளொன்றுக்கு 20 மணி நேரம் சுழன்றால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதங்களில் 90 யூனிட். பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறி 30 வாட் அளவே கொள்வதால், அதே உழைப்புக்கு 36 யூனிட் போதும். வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்க 2016-இல் தமிழக அரசு ஆணையிட்டது. அந்த 100 யூனிட்டில் விசிறியே 90-ஐ விழுங்குவதும், 36-இல் நிற்பதும் ஒன்றாகுமா? குளிர்சாதனப் பெட்டி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் கொள்ளும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 360 யூனிட். மருத்துவர் அவசியமென்று சொன்ன வீட்டில் அது வேண்டியதே. அப்போதும், கூரை வெள்ளையாக இருந்தால் அதன் உழைப்பும் செலவும் குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காற்றின் வெப்பம் உடல் வெப்பமாகிய 37 டிகிரியைத் தாண்டிவிட்டால், வியர்க்காத வறண்ட தோலின்மேல் விசிறி வீசுவது குளிர்ச்சியைத் தராது, வெப்பத்தையே ஏற்றும். அதற்கு மருந்து தண்ணீர்தான். கை, கால், மார்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு விசிறியைப் போடுங்கள். உடல் தர மறந்த வியர்வையை நாம் கையால் தருகிறோம். கடற்கரையிலுள்ள சென்னையைவிட மதுரையின் பகற்காற்றில் ஈரம் குறைவு. ஆதலால் இம்முறை இங்கே நன்கு பயன்படும். சன்னலில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டுவதும் இதே தத்துவமே. குடிதண்ணீர் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பேச்சுக் குழறினாலோ, மயக்கம் கண்டாலோ, உடல் கொதித்தாலோ, உடலை நனைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

நான் பணியாற்றிய ஊரொன்றில் பனையிலிருந்து விழுந்து நடக்க இயலாமற்போன மாணவர் ஒருவர் இருந்தார். கோடை வந்தால் பகலில் அவருக்குப் படிப்பு ஓடாது. வகுப்புத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடி அவர் வீட்டுத் தளத்துக்கு வெள்ளையடித்தார்கள். தாயார் படுக்கையைக் கிழக்குப் பக்கம் மாற்றினார். பிற்பகலில் புத்தகத்தைக் கையிலெடுக்க முடிகிறது என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். அவருடைய அறிவு வாடியிருக்கவில்லை. அறைதான் அதை வாட்டியிருந்தது.

குடும்பத்தின் முயற்சியோடு அரசின் உதவியும் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை, பிறருக்கான அத்தகைய உதவியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு மிகுந்திருக்க வேண்டும் என்கிறது. ஒரே வெயிலில் இவர்கள் வீட்டுக்குச் செலவு கூடுதல் என்னும் உண்மையைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழகத்தில் கடும் பாதிப்புள்ளோருக்கான மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. இவ்வுதவிகளுக்கு அடையாள அட்டை வேண்டும். அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாத குடும்பங்கள் இன்றும் பல உள்ளன. எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள்.

மாணவர்களே, உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். ஒரு வெப்பமானியை எடுத்துச் சென்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரைக்கு வெள்ளை பூசிய பின் அதே நேரத்தில் மீண்டும் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு சிறியதாகவே தோன்றும். அந்த அறையிலேயே பகலும் இரவும் கழிப்பவரைக் கேளுங்கள். அது எவ்வளவு பெரியது என்பதை அவர் சொல்வார்.