எஞ்சினுக்கும் தலை உண்டு

மும்பையிலிருந்து புணே போகும் வழி. கண்டாலா மலை ஏற்றம். சுமை லாரி ஒன்று மெல்ல ஏறுகிறது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டுநர் ஓட்டுகிறார். சற்று நேரத்தில் இழுவை குறைகிறது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறது.

"அண்ணே, ஹெட் கேஸ்கட் போயிடுச்சு" என்கிறார் கிளீனர்.

ஹெட் என்றால் என்ன? கேஸ்கட் என்றால் என்ன? சொந்தமாக ஒரு லாரி வைத்திருப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேரும்.

ஹெட் எதற்கு?

எஞ்சினின் கீழ்ப்பகுதி பிளாக். அதில் சிலிண்டர்கள் இருக்கின்றன. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. சிலிண்டர்களின் வாயை மூடும் கனமான மூடிதான் ஹெட். காற்று உள்ளே வரும் வால்வும், புகை வெளியேறும் வால்வும் இதில்தான் உள்ளன.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்குகிறது. சுமார் 16 படி காற்று 1 படி இடத்தில் அடைகிறது. அப்போது காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

இந்த அழுத்தம் வெளியே கசியக் கூடாது. அதற்காக ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு வைக்கிறார்கள். அதுதான் கேஸ்கட். தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காமலும் அது காக்கிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும். கேஸ்கட் எரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• ரேடியேட்டரில் தண்ணீர் அடிக்கடி குறையும்.
• ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வரும்.
• ஆயில் பால் கலந்த காப்பிபோல் மாறும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் விரிசல் விடும்.

ஹெட்டைக் கழற்றுவது

பழைய வகை எஞ்சின் என்றால், அனுபவமுள்ள மெக்கானிக்கை வைத்து வீட்டு வாசலிலேயே வேலை செய்யலாம். எஞ்சின் முழுதும் ஆற வேண்டும். பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும். தண்ணீரை வடிக்க வேண்டும்.

ஓர் அட்டையில் துளைகள் போடுங்கள். 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். கழற்றிய புஷ் ராடுகளை அதே வரிசையில் செருகி வையுங்கள். எது எங்கே இருந்ததோ, அது அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஹெட் மிகவும் கனமானது. செயின் பிளாக் போட்டுத் தூக்குங்கள். கைவிரல் இடுக்கில் மாட்டினால் நசுங்கிவிடும்.

லேத் பட்டறை வேலை

புது கேஸ்கட் மட்டும் போட்டால் போதாது. ஹெட் வளைந்திருந்தால் புது கேஸ்கட்டும் சீக்கிரமே போய்விடும். இரண்டு முறை பணம் போவது இங்கேதான். எனவே ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். வளைவு இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வளைவு சிறிதென்றால் தேய்த்துச் சமமாக்கலாம். விரிசல் பெரிதென்றால் வேறு ஹெட்தான் போட வேண்டும்.

திரும்பப் பூட்டுவது

போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி இருக்கக் கூடாது. அதன் மேல் போல்ட்டை முறுக்கினால் பிளாக்கே வெடிக்கலாம். துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

இப்போது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி முறுக்க வேண்டும். பாயை விரித்து நடுவிலிருந்து நீவினால் சுருக்கம் நீங்குகிறது அல்லவா? அதுபோலத்தான். ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. இரண்டு மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். கை பலத்தை நம்பாதீர்கள். டார்க் ரெஞ்சு என்னும் கருவி முறுக்கின் அளவைக் காட்டும். எவ்வளவு முறுக்க வேண்டும், எந்தப் போல்ட் முதலில் என்பதெல்லாம் வண்டியின் கைப்புத்தகத்தில் எண்ணோடு இருக்கும். சில எஞ்சின்களில் பழைய போல்ட்டுகளை மறுபடி போடக் கூடாது. அதையும் புத்தகத்தில் பாருங்கள். பிறகு வால்வு இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். தண்ணீர் கலந்த ஆயிலை மாற்ற வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்பட்ட பி.எஸ். 6 லாரிகளில் மின்னணுக் கருவிகள் அதிகம். டீசல் குழாயில் அழுத்தமும் மிக அதிகம். அவற்றைப் பயிற்சி பெற்றவர்களிடமே விடுங்கள்.

மெக்கானிக் வேலை செய்யும்போது கைப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்களைச் சத்தமாகப் படியுங்கள். "என்ன அளவு வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். வண்டி உங்களுடையது. கேட்பதில் தவறில்லை.

பதில் சொல்லுங்கள்

1. சூடான ரேடியேட்டர் மூடியை ஏன் திறக்கக் கூடாது?
2. புது கேஸ்கட் போடும் முன் ஹெட்டை ஏன் சோதிக்க வேண்டும்?
3. போல்ட்டுகளை எங்கிருந்து முறுக்கத் தொடங்க வேண்டும்?