வளைவுக்காகப் பிறந்த கார்கள்

பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துக் கட்டப்படும் கார்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சாலையில் ஓட்ட அனுமதியே இல்லாத பந்தயக் கார்: பெரும்பாலும் ஒற்றை இருக்கை, கூரை கிடையாது, நான்கு சக்கரமும் வெளியே தெரியும். மற்றது நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு சாலையிலும் போகும். ஆனால் அதன் ஸ்பிரிங், பிரேக், டயர், இறக்கை எல்லாம் தடத்துக்கென்றே பொருத்தியவை. இரண்டுமே குறைந்த எண்ணிக்கையில்தான் வெளிவரும். எது மேல் என்று பார்க்க மூன்று உரைகல் போதும்: வளைவில் கைக்கு அடங்குகிறதா, ஒரு சுற்றை எத்தனை நொடியில் முடிக்கிறது, கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது. உச்ச வேகத்துக்கு இங்கே பெரிய இடமில்லை.

காரணம் டயரில் இருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னை போகும் நான்குவழிச் சாலையில் பாடாலூரைக் கடக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்புவதே தெரியாது. அப்படித்தான் நெடுஞ்சாலைகளை வகுக்கிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கான சாலையில் வளைவின் ஆரம் சுமார் 360 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. காய்ந்த தாரில் நல்ல டயரின் உராய்வுக் கெழு 1-ஐ ஒட்டி இருக்கும்; அந்தக் கணக்கோ பக்கவாட்டுப் பிடிப்புக்கு 0.15 மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மீதி எல்லாம் மழைக்கும், தேய்ந்த டயருக்கும், பாரம் ஏற்றிய லாரிக்கும், கண் அயரும் ஓட்டுநருக்கும் விட்டுவைத்தது. பந்தயத் தடத்தில் அந்த மீதியை முழுக்கச் செலவழிப்பவரே முந்துகிறார்.

100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளலாம். உராய்வுக் கெழு 1 உள்ள டயரோடு அதில் மணிக்கு 113 கி.மீ. வரை போகலாம், அதற்கு மேல் வண்டி வெளியே நழுவும். கோடு இல்லாத மொழுமொழு பந்தய டயர் போட்டுக் கெழு 1.4 ஆனால் 133 கி.மீ. கிடைக்கும். இனி, காரின் எடையில் பாதி அளவுக்குக் காற்றே மேலிருந்து அழுத்தினால் அதே வளைவு 163 கி.மீ. வேகத்தைத் தாங்கும். விமான இறக்கையைத் தலைகீழாக மாட்டியது போன்றதுதான் பந்தயக் காரின் இறக்கை. அது எடையைக் கூட்டாமல் டயரைத் தரையோடு அழுத்துகிறது. எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடச் சேர்க்காமல் கிடைத்த வேகம் இது.

தமிழ்நாட்டில் இந்தக் கார்களின் கதை கோவையில் தொடங்குகிறது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர். 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றிப் பூட்டக்கூடிய எஞ்சின், எந்தக் கடையிலும் கிடைக்கும் உதிரிபாகம். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியுள்ள சிலரின் கையில் இருந்த விளையாட்டு அதனால் பலருக்குத் திறந்தது. பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஓட்டத் தொடங்கியதும் அந்தக் காரில்தான். கரிவரதன் 1995-இல் ஒரு சிறுவிமான விபத்தில் இறந்தார். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த, சுமார் 2 கி.மீ. நீளமுள்ள தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் போட்ட வழியிலேயே வந்தது ஃபார்முலா எல்.ஜி.பி. ரோலான் செயின்களால் பெயர்பெற்ற கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயரில் ஓடும் இந்தக் காருக்கும் இரும்புக் குழாய்ச் சட்டமே உடல். மாருதி சுசுகியின் 1,298 சி.சி. எஞ்சின்; சாலைக் காரில் 90 குதிரைத்திறனை எட்டாத எஞ்சின் அது. இறக்கை கிடையாது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது எம்.ஆர்.எஃப். ஃபார்முலா 2000. பாடாலூரை ஒட்டிய நாரணமங்கலத்தில் டயர் ஆலை நடத்தும் அதே எம்.ஆர்.எஃப். நிறுவனம், தன் பந்தயத் தொடருக்காகக் கொண்டுவந்த கார் இது. இத்தாலியின் டல்லாரா செய்த கார்பன் இழை உடல், 2 லிட்டர் ரெனோ எஞ்சின், சுமார் 210 குதிரைத்திறன், முன்னும் பின்னும் இறக்கை. 2016-17 தொடரில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஷூமாக்கர் ஓட்டியது இந்தக் காரைத்தான்.

நேரம் மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. தடத்தில் எம்.ஆர்.எஃப். கார் எளிதாக முன்னே போய்விடும். கைக்கு அடங்குவதைப் பார்த்தால் கதை வேறு. இறக்கை வைத்த காருக்கு வேகம் இருக்கும்வரைதான் அழுத்தம். பயந்து மெதுவாகப் போனால் பிடிப்பும் குறையும். முன்னால் போகும் கார் கலைத்துவிட்ட காற்றில் நுழைந்தால் வளைவில் முன்பக்கம் நழுவும், முந்துவது கடினம். எல்.ஜி.பி. காரில் இந்தச் சிக்கல் இல்லை. முன்னால் போகும் காரின் நிழலில் ஒட்டிக்கொண்டே வந்து, காற்றின் தடை குறைந்த அந்த இடத்திலிருந்து பாய்ந்து முந்தலாம். அதனால்தான் அந்தப் பந்தயங்களில் நான்கைந்து கார்கள் ஒரே கொத்தாகக் கோட்டைத் தாண்டுகின்றன. திறன் குறைந்த எஞ்சினுக்கு இன்னொரு குணம்: வளைவில் ஒருமுறை வேகத்தை இழந்தால் திரும்பப் பெற நேரமாகும். தப்பு உடனே தெரியும். கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை.

சாலையிலும் ஓடும் வகைக்கு ஜெர்மனியின் போர்ஷே 911 ஜி.டி.3 நல்ல எடுத்துக்காட்டு. அதன் பந்தய வடிவமான ஜி.டி.3 கப் காரில்தான் நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. சாலை வடிவங்களில் சாதாரண ஜி.டி.3-க்கு 510 குதிரைத்திறன், ஆர்.எஸ். என்ற கடும் வடிவத்துக்கு 525. எஞ்சினில் பெரிய வேறுபாடு இல்லை. ஆர்.எஸ். காரின் பெரிய பின் இறக்கையும் முன்பக்கக் காற்று வழிகளும் 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ அழுத்தம் தருகின்றன. அந்த இறக்கை காற்றைத் தடுப்பதால் ஆர்.எஸ். காரின் உச்ச வேகம் 296 கி.மீ.தான், 2021-இல் வந்த சாதாரண ஜி.டி.3 அதைவிட 20 கி.மீ.க்கு மேல் கூடுதலாகப் போனது. இருந்தும் 20.8 கி.மீ. நீளமுள்ள நூர்பர்க்ரிங் தடத்தை ஆர்.எஸ். 6 நிமிடம் 49.3 நொடியில் சுற்றியது. மற்றதற்கு ஆனது 6 நிமிடம் 59.9 நொடி. உச்ச வேகத்தில் தோற்ற கார் சுற்றில் பத்து நொடி முந்தியது.

விலையைப் பற்றி அதே நிறுவனத்தின் இன்னொரு ஜோடி தெளிவாகச் சொல்கிறது. 2018-இல் அறிவித்த 935 என்ற கார் மொத்தம் 77 மட்டுமே. அடுத்து வந்த ஜி.டி.2 ஆர்.எஸ். கிளப்ஸ்போர்ட் 200. இரண்டிலும் 700 குதிரைத்திறன் தரும் அதே 3.8 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின், எடையிலும் ஏறக்குறைய வித்தியாசமில்லை. வரி நீங்கலாக முதலாவது சுமார் 7 லட்சம் யூரோ, இரண்டாவது சுமார் 4 லட்சம் யூரோ. கூடுதலான 3 லட்சம் பெரும்பாலும் பழைய பந்தயக் காரை நினைவூட்டும் மேலுடலுக்கும் 77 என்ற எண்ணுக்கும்தான். சேகரித்து வைப்பவருக்கு அது நியாயமான விலையாக இருக்கலாம். ஓட்டுபவருக்கு இல்லை.

ஓட்டுபவரின் கணக்கில் எல்.ஜி.பி. காரை இவற்றில் எதுவும் நெருங்கவில்லை. இந்தியாவில் 3 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆர்.எஸ். வாங்குபவர், அந்த 860 கிலோ அழுத்தத்தை எந்த நெடுஞ்சாலையிலும் சட்டப்படி உணர முடியாது. எல்.ஜி.பி. காரோ தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் செட்டிபாளையத்தின் ஒவ்வொரு வளைவிலும் கொடுத்துவிடுகிறது. அதில் பந்தயம் ஓட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் உரிமம் வேண்டும்.